லூதர் பர்பாங்க்

லூதர் பர்பாங்க் (மார்ச் 7, 1849 – ஏப்ரல் 11, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தோட்டக்கலை வல்லுநரும் தாவர வளர்ப்பாளரும் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் சாந்தா ரோசா நகரில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பணியாற்றிய இவர், பழங்கள், காய்கறிகள், பூக்கள், தீவனப் பயிர்கள் ஆகியவற்றில் 800க்கும் மேற்பட்ட புதிய வகைகளை உருவாக்கி வெளியிட்டார். இவற்றுள் பிளம் பழ வகைகள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை. கலப்பினமாக்கம், பேரளவுத் தெரிவு, ஒட்டுக்கட்டுதல் ஆகிய மூன்றையும் இணைத்துப் பழப் பயிர்களின் விளைச்சலையும் தரத்தையும் உயர்த்த முடியும் என்பதை உலகறியச் செய்தவர் இவர். ஆயினும் இவரது பணி அறிவியலா, கைத்திறனா என்பது இவர் வாழ்ந்த காலத்திலேயே விவாதத்துக்கு உள்ளானது. புதிய தாவரம் ஒன்றை உருவாக்கியவருக்கு அதன்மேல் சட்டப்படியான உரிமை உண்டா என்ற கேள்வியும் இவரது வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புடையது.

இளமைக் காலம்

பர்பாங்க் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் லங்காஸ்டர் என்ற ஊரில், வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சாமுவேல் பர்பாங்க், தாய் ஆலிவ் ராஸ். ஆலிவ், சாமுவேலின் மூன்றாவது மனைவி ஆவார். பல உடன்பிறந்தோரைக் கொண்ட இக்குடும்பத்தில் லூதர் பதின்மூன்றாவது குழந்தை. தொடக்கப் பள்ளியிலும் பின்னர் லங்காஸ்டர் கல்விக்கூடத்திலும் படித்த இவர், பல்கலைக்கழகக் கல்வி எதுவும் பெறவில்லை.

இவரது சிந்தனையை மாற்றியது ஒரு நூல். வீட்டு விலங்குகளிலும் பயிர்த் தாவரங்களிலும் காணப்படும் வேறுபாடுகளைப் பற்றிச் சார்லஸ் டார்வின் எழுதி 1868 இல் வெளிவந்த இரண்டு தொகுதி நூலே அது. ஒரே பயிரின் விதைகளில் இருந்து வேறுபட்ட செடிகள் தோன்றுவதும், மனிதன் தனக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்குவதால் புதிய வகைகள் உருவாவதும் அந்நூலில் விரிவாக விளக்கப்பட்டிருந்தன. தந்தை இறந்த பின்னர், தனக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு லூனன்பர்க் என்ற ஊரில் 17 ஏக்கர் நிலம் வாங்கிய பர்பாங்க், சந்தைக்குக் காய்கறி பயிரிடத் தொடங்கினார்.

பர்பாங்க் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு பொதுவாக விதைக் கிழங்குகளை நட்டே பயிரிடப்படுகிறது. இவ்வாறு வளரும் செடி தாய்ச்செடியின் மரபுப் பண்புகளை மாற்றமின்றிப் பெறும். உருளைக்கிழங்குச் செடி பூத்துக் காய்த்து விதை தருவதும் உண்டு. அக்காலத்தில் உழவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1872 ஆம் ஆண்டளவில், 'எர்லி ரோஸ்' என்ற வகையின் செடி ஒன்றில் காய் ஒன்று பிடித்திருப்பதைப் பர்பாங்க் கண்டார். அவ்வகை மிக அரிதாகவே காய்ப்பது. ஒரு நாள் அக்காய் செடியில் இருந்து உதிர்ந்து காணாமற்போனது. பல முறை தேடிய பின்னரே அது சற்றுத் தொலைவில் மண்ணில் கிடைத்தது.

அக்காயில் 23 விதைகள் இருந்தன. அவற்றை விதைத்தபோது எழுந்த செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட கிழங்குகளைத் தந்தன. அவற்றுள் ஒன்று பெரிய, வழவழப்பான, நன்கு சேமிக்கத்தக்க கிழங்குகளை மிகுதியாகத் தந்தது. பர்பாங்க் அதன் உரிமையை மசாசுசெட்ஸ் விதை வணிகரான ஜேம்ஸ் கிரெகரிக்கு 150 டாலருக்கு விற்றார். கிரெகரி அவ்வகைக்குப் பர்பாங்கின் பெயரையே இட்டதுடன், பத்துக் கிழங்குகளை அவரே வைத்துக்கொள்ளவும் இசைந்தார். பின்னாளில் இவ்வகையில் இருந்து, சொரசொரப்பான பழுப்புத் தோலுடைய மாற்று வடிவம் ஒன்று இயற்கையாகத் தோன்றியது. 'ரசெட் பர்பாங்க்' எனப்படும் அது, வட அமெரிக்காவில் வறுவல் துண்டுகள் செய்வதற்குப் பெரிதும் பயிரிடப்படும் உருளைக்கிழங்கு வகையாக வளர்ந்தது. இவ்வகையால் பின்னர் விளைந்த பெரும் வணிகத்தில் பர்பாங்குக்குக் கிடைத்தது அந்த 150 டாலர் மட்டுமே.

கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்தல்

1875 ஆம் ஆண்டு பர்பாங்க் தொடருந்தில் கலிபோர்னியா சென்றார். இவரது தமையன்மார் சிலர் ஏற்கெனவே அங்கு குடியேறியிருந்தனர். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சோனோமா மாவட்டத்தில் உள்ள சாந்தா ரோசாவில் தங்கினார். மிதமான குளிரும் நீண்ட வளர்பருவமும் கொண்ட அப்பகுதி பழ மரங்களுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. தொடக்கத்தில் வறுமையும் நோயும் வாட்டின; தச்சு வேலை உள்ளிட்ட கூலி வேலைகள் செய்து காலம் தள்ளினார். பின்னர் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார்.

1881 இல் வந்த ஒரு கேட்பாணை இவரைப் பரவலாக அறியச் செய்தது. பெட்டலூமாவைச் சேர்ந்த வாரன் டட்டன் என்ற வங்கியாளர், உலர் பிளம் தோட்டம் அமைக்க 20,000 கன்றுகள் ஓராண்டுக்குள் வேண்டும் எனக் கேட்டார். வழக்கமான முறையில் இதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும். பிளம் விதைகள் மெதுவாக முளைப்பவை. பாதாம் விதைகளோ விரைவில் முளைப்பவை. எனவே பர்பாங்க் பாதாம் விதைகளை ஈர மணலில் முளைக்கவைத்து நட்டு, சில மாதங்களில் அந்நாற்றுகளின் மீது பிளம் மொட்டுகளை ஒட்டுக்கட்டினார். ஒட்டிய மொட்டுகள் வளர்ச்சி பெறும் வகையில் பாதாம் தண்டுகளின் மேற்பகுதியை முறித்து வளைத்துவிட்டார். ஆண்டு முடிவில் 19,500 அளவிலான கன்றுகள் ஒப்படைக்கப்பட்டன. பிளம், பாதாம் இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை ஆதலால் இவ்வொட்டு பொருந்தியது.

நாற்று வணிகத்தில் நல்ல வருவாய் வந்தபோதும், புதிய வகைகளை உருவாக்குவதிலேயே பர்பாங்கின் நாட்டம் இருந்தது. 1885 இல் சாந்தா ரோசாவுக்கு மேற்கே செபஸ்டபோல் அருகில் நிலம் வாங்கி, 'கோல்டு ரிட்ஜ்' எனப்படும் ஆய்வுப் பண்ணையை அமைத்தார். சில ஆண்டுகளில் நாற்று வணிகத்தில் இருந்து விலகி, தாவர வளர்ப்பையே முழுநேரப் பணியாகக் கொண்டார். சாந்தா ரோசாவில் நான்கு ஏக்கர் அளவிலான வீட்டுத் தோட்டமும், கோல்டு ரிட்ஜில் 18 ஏக்கர் பண்ணையும் இவரது ஆய்வுக்களங்களாக விளங்கின.

பிளம் ஆய்வுகள்

அக்காலத்தில் அமெரிக்காவில் பயிரிடப்பட்ட பிளம் வகைகளில் ஐரோப்பியப் பிளம்கள் இனிப்பானவை. ஆனால் பல வகைகள் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பும்போது தாங்குவதில்லை. அமெரிக்கக் காட்டுப் பிளம்கள் குளிரையும் நோயையும் தாங்குபவை. ஆனால் சிறியவை, தோல் புளிப்பானவை. 1885 இறுதியில் பர்பாங்க், யோகோஹாமாவில் இருந்த ஐசக் பண்டிங் என்ற வணிகர் வழியாக ஜப்பானில் இருந்து பன்னிரண்டு பிளம் நாற்றுகளைப் பெற்றார். அவற்றில் இருந்து வந்தவையே 'சட்சுமா', 'பர்பாங்க்' ஆகிய இரு வகைகள். சட்சுமாவின் சதை அடர் சிவப்பு நிறமுடையது. மற்றொன்றுக்குப் பர்பாங்க் என்ற பெயரைச் சூட்டியவர் ஐக்கிய அமெரிக்க வேளாண் துறையின் கனியியலாளர் வான் டெமான்.

ஜப்பானியப் பிளம்கள் பெரியவை, மிகுதியாகக் காய்ப்பவை, உறுதியான சதை கொண்டவை. எனவே தொடருந்துப் பெட்டிகளில் பல நாட்கள் பயணம் செய்து நாட்டின் கிழக்குப் பகுதிச் சந்தைகளை அடையக்கூடியவை. பர்பாங்க் இவற்றை அமெரிக்க, சீனப் பிளம்களுடன் பல தலைமுறைகள் கலந்து, நறுமணம், சதை உறுதி, பழுக்கும் காலம் ஆகிய பண்புகளை ஒருங்கிணைக்க முயன்றார். 'விக்சன்', 'கிளைமாக்ஸ்', 'பார்மோசா', 'பியூட்டி' முதலியன இவ்வாறு தோன்றியவை. 1906 இல் வெளியிடப்பட்ட 'சாந்தா ரோசா' இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. செந்நீலத் தோலும், மஞ்சளும் சிவப்பும் கலந்த சதையும், மிகுந்த மணமும் கொண்ட இப்பழம் பல பத்தாண்டுகள் கலிபோர்னியாவின் முதன்மையான பிளம் வகைகளில் ஒன்றாக இருந்தது. இன்றும் பல நாடுகளில் பயிரிடப்படுகிறது.

பிளம், ஆப்ரிகாட் ஆகிய இரு வேறு சிற்றினங்களையும் கலந்து 'பிளம்காட்' என்ற புதிய பழத்தை இவர் உருவாக்கினார். இத்தகைய கலப்பு இயலாது என்று அக்காலத்தில் பலர் கருதினர். ஜப்பானியப் பிளம், ஆப்ரிகாட் இரண்டுக்கும் உயிரணு ஒன்றில் 16 நிறப்புரிகளே உள்ளன. இதனால் இவற்றின் கலப்பு கடினமாயினும் இயலக்கூடியது. ஐரோப்பியப் பிளமில் 48 நிறப்புரிகள் இருப்பதால் அதை இவற்றுடன் கலப்பது மிகக் கடினம். நிறப்புரி எண்ணிக்கைகள் அறியப்படாத காலத்தில் பர்பாங்க் மீண்டும் மீண்டும் முயன்று பார்த்தே இவ்வேறுபாட்டைக் கையாண்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிளாய்டு சைகர் உருவாக்கிய 'புளூவாட்' பழங்கள், பிளம்–ஆப்ரிகாட் கலப்பை மேலும் பல தலைமுறைகள் முன்னெடுத்துச் சென்றதன் விளைவாகும்.

கொட்டையில்லாப் பிளம் ஒன்றை உருவாக்கவும் இவர் நெடுங்காலம் முயன்றார். பிரான்சில் அறியப்பட்டிருந்த, கொட்டையின் கடினமான ஓடு குறைவுபட்ட ஒரு சிறு காட்டுப் பிளமை இதற்குப் பயன்படுத்தினார். ஓடு பெரும்பாலும் நீங்கிய, உண்ணத்தக்க பழங்கள் கிடைத்தன. ஆயினும் அவை வணிகப் பயிராக நிலைபெறவில்லை.

பிற பழங்களும் தாவரங்களும்

பர்பாங்கின் படைப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்து தொகுத்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வால்டர் ஹோவர்டு. 1945 இல் வெளிவந்த அவரது தொகுப்பின்படி, பர்பாங்க் வெளியிட்ட பழம், கொட்டை வகைகளில் முதன்மையானவை பின்வருமாறு:

• பிளம், உலர் பிளம் – 113
• பிளாக்பெர்ரி – 16
• ராஸ்பெரி – 13
• சீமை மாதுளை – 11
• பிளம்காட் – 11
• ஆப்பிள், செர்ரி, ஸ்ட்ராபெரி – ஒவ்வொன்றிலும் 10
• பீச் – 8
• செஸ்நட் – 6
• நெக்டரின் – 5
• திராட்சை, பேரி – ஒவ்வொன்றிலும் 4
• அக்ரூட் – 3

இவற்றுடன் கறுப்பு நிறம் நீங்கிய வெண்ணிறப் பிளாக்பெர்ரி ஒன்றையும் இவர் வெளியிட்டார். பழம் அல்லாதவற்றுள் 1901 இல் வெளியான 'சாஸ்தா டெய்சி' என்ற வெண்ணிறப் பூ உலகெங்கும் பரவியது. ஐரோப்பா, ஜப்பான் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த டெய்சி இனங்களைப் பல ஆண்டுகள் கலந்து பெறப்பட்ட இப்பூவுக்கு, கலிபோர்னியாவின் பனி மூடிய சாஸ்தா மலையின் பெயர் இடப்பட்டது.

அக்ரூட் மரங்களில் இவர் உருவாக்கிய 'பாரடாக்ஸ்' கலப்பினம் தனியே குறிப்பிடத்தக்கது. பாரசீக அக்ரூட்டையும் வட கலிபோர்னியாவின் கறுப்பு அக்ரூட்டையும் கலந்து பெற்ற இம்மரம், பெற்றோர் இரண்டையும் விடப் பன்மடங்கு விரைவாக வளர்ந்தது. ஆனால் காய்ப்பு மிகக் குறைவு. விரைந்து மரம் தரும் இனமாகவே பர்பாங்க் இதை எண்ணினார். பிற்காலத்தில் இது வேறு பயன் பெற்றது. கலிபோர்னியாவின் அக்ரூட் தோட்டங்களில், நல்ல காய் தரும் வகைகளை ஒட்டுக்கட்டுவதற்கான வேர்த்தண்டாகப் பாரடாக்ஸ் பரவலாகப் பயன்படுகிறது.

1893 இல் பர்பாங்க், புதிய படைப்புகள் என்ற தலைப்பில் பழங்கள், பூக்கள் ஆகியவற்றின் விவரப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். படைத்தல் என்ற சொல்லை மனிதன் ஒருவன் தன் செயலுக்குப் பயன்படுத்தியதைச் சமயவாதிகள் சிலர் கண்டித்தனர். ஆயினும் இப்பட்டியலே இவரை உலகின் பல நாடுகளின் நாற்றுப்பண்ணையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

ஆய்வு முறை

பர்பாங்கின் முறை நான்கு படிகளைக் கொண்டது.

முதலாவது, வெளிநாடுகளில் இருந்து வேறுபட்ட இனங்களைத் திரட்டுவது. இரண்டாவது, கைப்பட மகரந்தச் சேர்க்கை செய்து அவற்றைக் கலப்பது. முதல் தலைமுறையோடு நில்லாமல், அவற்றின் வழித்தோன்றல்களைப் பல்லாயிரக் கணக்கில் வளர்ப்பார். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளிலேயே வேறுபாடுகள் பெருமளவில் வெளிப்படும் என்பதை இவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

மூன்றாவது படி தெரிவு. இதில் இவருக்கு இருந்த திறன் பார்த்தோரை வியக்கவைத்தது. நாற்றுகளின் வரிசையில் விரைந்து நடந்தபடியே, இலையின் அளவு, நிறம், தண்டின் தடிப்பு, மொட்டின் பருமன் ஆகியவற்றைக் கொண்டு எது நல்ல பழம் தரும் என்று கணிப்பார். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் சிலவே எஞ்சும். மற்றவை பிடுங்கப்பட்டுத் தீயிடப்பட்டன.

நான்காவது படி காலத்தைச் சுருக்குவது. விதையில் இருந்து எழும் பழ மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பர்பாங்க் தெரிந்தெடுத்த இளநாற்றின் குருத்தை, வளர்ந்து காய்க்கும் மரம் ஒன்றின் கிளையில் ஒட்டுக்கட்டுவார். அக்குருத்து இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்த்துத் தன் இயல்பைக் காட்டிவிடும். இவ்வாறு ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான நாற்றுகளைச் சோதிக்க முடிந்தது. சிறிய நிலப்பரப்பில் மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆய்வு நடத்த இதுவே வழிசெய்தது.

முறையின் மரபியல் அடிப்படை

பர்பாங்கின் வெற்றிக்கான காரணத்தைப் பிற்கால மரபியல் தெளிவாக விளக்குகிறது. பெரும்பாலான பழ மரங்கள் அயல் மகரந்தச் சேர்க்கையால் இனம் பெருக்குபவை. பல வகைகளில் தன் மகரந்தம் தன் சூலகத்தில் செயற்படாது. எனவே ஒவ்வொரு மரமும் ஒரே பண்புக்கு வேறுபட்ட மரபணு வடிவங்களைத் தன்னுள் கொண்டிருக்கிறது. அதன் விதைகளை விதைத்தால் அவ்வடிவங்கள் புதுப் புதுச் சேர்க்கைகளில் பிரிந்து வெளிப்படுகின்றன. இதனால் ஒரு மாம்பழத்தின் கொட்டையில் இருந்து வளரும் மரம் அதே பழத்தைத் தருவது உறுதியில்லை என்பது போலவே, பிளம் விதையின் மரமும் தாயை ஒத்திருப்பதில்லை.

தானியப் பயிர்களில் புதிய வகை ஒன்றை நிலைப்படுத்தப் பல தலைமுறைகள் தேவைப்படும். பழ மரங்களிலோ சிறந்த மரம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். ஒட்டுக்கட்டுதல் மூலம் அதன் மரபு முழுவதையும் மாற்றமின்றிப் பெருக்கலாம். அரிய சேர்க்கை ஒன்று தோன்ற வேண்டுமானால் பல்லாயிரம் நாற்றுகள் வேண்டும். தோன்றியதைக் காக்க ஓர் ஒட்டு போதும். பர்பாங்கின் பணி முழுவதும் இவ்விரு உண்மைகளின் மீதே அமைந்தது.

ஆனால் இவர் மரபுரிமையைப் புரிந்துகொண்ட விதம் வேறு. கிரெகோர் மெண்டலின் விதிகள் 1900 இல் மீள்கண்டுபிடிப்புச் செய்யப்பட்ட பின்னரும் பர்பாங்க் அவற்றுக்கு முதன்மை அளிக்கவில்லை. சூழலின் தாக்கம் தாவரத்தில் படிந்து, தலைமுறைகள் தோறும் திரண்டு மரபாக மாறுகிறது என்றே அவர் நம்பினார். ஈட்டிய பண்புகள் மரபுரிமையாக வரும் என்ற இக்கருத்தை மரபியல் பின்னர் ஏற்கவில்லை.

கார்னெகி நிறுவனத்தின் ஆய்வு

மெண்டலின் விதிகளை மீள்கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் 1904 இல் சாந்தா ரோசாவுக்கு வந்து பர்பாங்கைச் சந்தித்தார். 1905 முதல் வாசிங்டன் கார்னெகி நிறுவனம் பர்பாங்குக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வழங்க முன்வந்தது. இவரது செயல்முறைகளை அறிவியல் முறைப்படி பதிவு செய்வதே இதன் நோக்கம். இப்பணிக்காக ஜார்ஜ் ஹாரிசன் சல் என்ற இளம் மரபியலாளர் 1906 இல் சாந்தா ரோசாவுக்கு அனுப்பப்பட்டார்.

சல்லின் பணி எளிதாக இருக்கவில்லை. எந்தச் செடியை எதனுடன் கலந்தார், எத்தனை நாற்றுகள் எழுந்தன, எத்தனை விலக்கப்பட்டன என்பவற்றுக்கு முழுமையான குறிப்புகள் இல்லை. பர்பாங்க் பெரும்பாலும் நினைவையே நம்பினார். விலக்கப்பட்ட நாற்றுகள் எரிக்கப்பட்டதால், பண்புகள் எவ்விகிதத்தில் பிரிந்தன என்பதை அறியவும் வழியில்லாமற் போனது. புதிய வகைகள் கண்முன்னே நின்றன. அவை வந்த வழி மட்டும் ஏட்டில் இல்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நிதியுதவி நிறுத்தப்பட்டது. சல் எழுதவேண்டியிருந்த முழு அறிக்கை வெளிவரவேயில்லை.

இதே ஆண்டுகளில் சல், மக்காச்சோளத்தில் தன்மகரந்தச் சேர்க்கை, கலப்பு ஆகியவற்றைப் பற்றிய தன் ஆய்வையும் நடத்திவந்தார். 1908 இல் வெளியான அவரது கட்டுரை கலப்பின மக்காச்சோளத்துக்கு அடிப்படையாக அமைந்தது. கலப்பினத்தின் மிகுவளர்ச்சிக்கான 'எட்டரோசிஸ்' என்ற கலைச்சொல்லையும் பின்னர் சல்லே உருவாக்கினார். பர்பாங்கின் பாரடாக்ஸ் அக்ரூட் இப்பண்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளி

வறண்ட நிலங்களில் கால்நடைத் தீவனமாகப் பயன்படத்தக்க முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளியை உருவாக்கப் பர்பாங்க் பல ஆண்டுகள் செலவிட்டார். 1907 இல் இதற்கெனத் தனி விவரப்பட்டியல் வெளியானது. பாலைநிலங்கள் மேய்ச்சல் நிலங்களாக மாறும் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒற்றை மடல்கள் கூட உயர்ந்த விலைக்கு விற்றன.

வேளாண் துறையின் கள்ளி ஆய்வாளர் டேவிட் கிரிபித்ஸ் இதை மறுத்தார். முள் குறைந்த கள்ளிகள் முன்பே பல நாடுகளில் அறியப்பட்டவை என்பது அவரது வாதம். நடைமுறையிலும் இடர்கள் தோன்றின. முள் என்பது கள்ளியின் காப்பு. அது நீங்கியதும் முயல் முதலிய விலங்குகள் இளஞ்செடிகளைத் தின்று அழித்தன. எனவே வேலி தேவைப்பட்டது. நல்ல விளைச்சலுக்கு நீரும் பராமரிப்பும் வேண்டியிருந்தன.

1912 இல் வணிகர் சிலர் பர்பாங்கின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். கேட்பாணைகள் மிகுந்தபோது, சாதாரணக் கள்ளியின் முட்களை நீக்கி அனுப்பியதாக அந்நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு எழுந்தது. சில ஆண்டுகளிலேயே நிறுவனம் நொடித்துப்போனது. இதில் பர்பாங்க் பொருளிழப்புக்கு ஆளானதுடன், இவரது நற்பெயருக்கும் இழுக்கு ஏற்பட்டது.

குடும்பமும் பொது வாழ்க்கையும்

பர்பாங்க் 1890 இல் எலன் கோல்மன் என்பவரை மணந்தார். இத்திருமணம் 1896 இல் மணமுறிவில் முடிந்தது. 1916 இல் தன் செயலாளராகப் பணியாற்றிய எலிசபெத் வாட்டர்சை மணந்தார். இவருக்குக் குழந்தைகள் இல்லை.

1907 இல் வெளியான நூல் ஒன்றில், குழந்தைகளை இயற்கையோடு இயைந்த சூழலில் அன்புடன் வளர்க்க வேண்டும் என்று பர்பாங்க் வலியுறுத்தினார். தாவர வளர்ப்பின் கருத்துகளை மனித இனத்துக்கும் பொருத்திய அந்நூல் அக்காலத்தில் வரவேற்பைப் பெற்றது. அமெரிக்க இன வளர்ப்பாளர் சங்கத்தின் இனமேம்பாட்டியல் குழுவிலும் இவர் உறுப்பினராக இருந்தார். இனமேம்பாட்டுக் கொள்கை பின்னாளில் விளைவித்த கேடுகளை அறிந்த இக்கால ஆய்வாளர்கள், இவரது வாழ்வின் இப்பகுதியைத் திறனாய்வு நோக்கில் அணுகுகின்றனர்.

1915 அக்டோபரில் தாமஸ் எடிசன், என்றி போர்டு, ஹார்வி பயர்ஸ்டோன் ஆகியோர் சாந்தா ரோசாவில் இவரைச் சந்தித்தனர். இந்தியாவில் இருந்து அமெரிக்கா சென்ற பரமஹம்ச யோகானந்தரும் இவரது நண்பரானார். 1946 இல் வெளிவந்த யோகானந்தரின் தன்வரலாற்று நூல் பர்பாங்கின் நினைவுக்கே படைக்கப்பட்டது. அதில் இவரைப் பற்றித் தனி அதிகாரமும் உள்ளது. அந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பின் வழியாகவும் தமிழ் வாசகர் பலர் பர்பாங்கின் பெயரை அறிந்துள்ளனர்.

இறுதி நாட்கள்

1926 சனவரியில் செய்தித்தாள் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், இறப்புக்குப் பிந்தைய வாழ்வில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், நடைமுறைச் சமயக் கோட்பாடுகளைத் தான் ஏற்கவில்லை என்றும் பர்பாங்க் தெரிவித்தார். இச்செய்தி நாடெங்கும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. கண்டித்தும் ஆதரித்தும் மடல்கள் குவிந்தன. எழுபத்தாறு வயதான பர்பாங்க் அவற்றுக்கு மறுமொழி எழுத முயன்று களைப்புற்றார். மார்ச் மாத இறுதியில் மாரடைப்பு ஏற்பட்டு, ஏப்ரல் 11 அன்று சாந்தா ரோசாவில் காலமானார். வீட்டுத் தோட்டத்தில் அவரே நட்டு வளர்த்த லெபனான் தேவதாரு மரத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாவரக் காப்புரிமைச் சட்டம்

பர்பாங்கின் காலத்தில் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை கிடைத்தது. புதிய பழ வகை ஒன்றை உருவாக்கியவருக்கு அத்தகைய உரிமை எதுவும் இல்லை. முதல் கன்றை விற்றவுடனேயே, வாங்கியவர் அதில் இருந்து எத்தனை ஒட்டுக்கன்றுகளையும் உருவாக்கி விற்க முடிந்தது. எனவே வகை ஒன்றின் உரிமை முழுவதையும் தொடக்கத்திலேயே ஒரே விலைக்கு நாற்றுப்பண்ணை ஒன்றுக்கு விற்பதே பர்பாங்கின் வழக்கமாக இருந்தது. அது பெரும் வெற்றி பெற்றாலும் அதன் பின் அவருக்கு எதுவும் கிடைக்காது. நெடுங்காலச் சோதனைக்குக் காத்திராமல் வகைகளை விரைந்து வெளியிட்டார் என்று இவர்மீது கூறப்படும் குறைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1930 மே மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவில் தாவரக் காப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. ஒட்டு, பதியன் போன்ற பாலிலா முறையில் பெருக்கப்படும் புதிய தாவரங்களுக்கு இது காப்புரிமை வழங்கியது. சட்டமுன்வரைவு குறித்த விவாதங்களில் பர்பாங்கின் வாழ்க்கை எடுத்துக்காட்டாக முன்வைக்கப்பட்டது. எடிசனும் ஆதரவு அளித்தார். பர்பாங்கின் பெயரில் அவரது மறைவுக்குப் பின் 16 தாவரக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன.

கிழங்கால் பெருக்கப்படும் தாவரங்கள் இச்சட்டத்தில் இருந்து விலக்கப்பட்டன. உணவாக விற்கும் கிழங்கும் விதைக்கும் கிழங்கும் ஒன்றே என்பதால் கட்டுப்பாடு இயலாது என்பதே காரணம். ஆகவே பர்பாங்கின் மிகப் பெரிய வெற்றியான உருளைக்கிழங்குக்கு இச்சட்டமும் காப்பு அளித்திருக்காது.

மதிப்பீடும் நினைவுகளும்

பர்பாங்க் வெளியிட்ட வகைகளில் பெரும்பாலானவை இன்று பயிரிடப்படுவதில்லை. எஞ்சிய சிலவற்றின் தாக்கமோ மிகப் பெரியது. இக்கால ஜப்பானிய வகைப் பிளம்கள் பலவற்றின் முன்னோர் வரிசை பர்பாங்கின் தோட்டத்தைச் சென்றடைகிறது. இது ஒரு சிக்கலையும் விட்டுச்சென்றுள்ளது: சில முன்னோர்களில் இருந்தே பெரும்பாலான வகைகள் வந்ததால், அப்பயிரின் மரபியல் அடித்தளம் குறுகியதாக உள்ளது. புதிய நோய் எதிர்ப்புப் பண்புகளைப் பெற, பர்பாங்க் செய்தது போலவே, வளர்ப்பாளர்கள் மீண்டும் காட்டினங்களைத் தேட வேண்டியுள்ளது. குறிப்புகள் இல்லாமையால் ஐயத்துக்கு இடமாயிருந்த அவரது வகைகளின் பெற்றோரைக் கண்டறிய இன்று டி.என்.ஏ. குறியீடுகள் பயன்படுகின்றன.

பர்பாங்கின் பிறந்த நாளான மார்ச் 7, கலிபோர்னியாவில் மரநடுகை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1940 இல் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த மூன்று சென்ட் அஞ்சல் தலையை வெளியிட்டது. மெக்சிகோ ஓவியர் பிரிடா காலோ 1931 இல் வரைந்த ஓவியத்தில் பர்பாங்க், பாதி மனிதனாகவும் பாதி மரமாகவும் காட்டப்பட்டுள்ளார். 1986 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. சாந்தா ரோசாவில் உள்ள இவரது வீடும் தோட்டமும் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகின்றன. கோல்டு ரிட்ஜ் பண்ணையின் ஒரு பகுதியும் பாதுகாக்கப்பட்டு, அங்கு இவரது மரங்கள் சில காட்சிக்கு உள்ளன.

லாஸ் ஏஞ்சலஸ் அருகில் உள்ள பர்பாங்க் நகரம் இவரது பெயரால் அமைந்தது எனச் சிலர் கருதுவதுண்டு. அந்நகரின் பெயர் டேவிட் பர்பாங்க் என்ற பல் மருத்துவரின் பெயரில் இருந்து வந்ததாகும்.